சைலன்சர் நடத்தும் வெப்பப் பாடம்

எட்டாம் வகுப்பு அறிவியலில் 'வெப்பம்' பாடத்தை நடத்தும்போது நாம் எல்லோரும் வழக்கமாகச் சொல்லும் எடுத்துக்காட்டுகள் மூன்று. சூடான பாலில் கிடக்கும் கரண்டியின் காம்பு சுடுவது வெப்பக் கடத்தல். பாத்திரத்துத் தண்ணீர் மேலும் கீழுமாகச் சுழல்வது வெப்பச் சலனம். வெயில் நம் மேல் படுவது வெப்பக் கதிர்வீச்சு. மூன்றும் சரியான எடுத்துக்காட்டுகள்தாம். மாணவர்களும் அப்படியே எழுதி மதிப்பெண் வாங்கிவிடுகிறார்கள். ஆனால் இந்த மூன்றும் ஒரே பொருளில், ஒரே நேரத்தில் நடப்பதைக் காட்ட வேண்டுமென்றால் ஆய்வகம் தேடிப் போக வேண்டியதில்லை. நாம் தினமும் ஓட்டி வந்து பள்ளி வளாகத்தில் நிறுத்தும் இருசக்கர வண்டி போதும்.

இந்தப் பாடத்துக்கு வண்டியைத் தேர்ந்தெடுக்க எனக்கு இன்னொரு காரணமும் உண்டு. "சைலன்சர் சுட்ட தழும்பு யாருக்கெல்லாம் இருக்கு?" என்று எந்த வகுப்பிலும் கேட்டுப் பாருங்கள். கைகள் உயரும். பெரும்பாலும் வலது காலில், முழங்காலுக்குக் கீழே, ஐந்து ரூபாய் நாணயம் அளவிலோ அதைவிடப் பெரிதாகவோ ஒரு தழும்பு இருக்கும். அப்பாவின் வண்டி, மாமாவின் வண்டி, திருவிழாக் கூட்டத்தில் நின்ற யாரோ ஒருவரின் வண்டி. "என்னம்மா போட்டாங்க?" என்று அடுத்துக் கேட்டால் பேனா மை, பற்பசை, காபித்தூள், மாவு என்று பட்டியல் நீளும். தண்ணீர் என்ற பதில் அபூர்வமாகத்தான் வரும்.

ஆறாம் வகுப்பு மாணவி ஒருத்தி ஒருமுறை காலைத் தாங்கித் தாங்கி நடந்து வந்தாள். முதல் நாள் மாலை சுட்டிருக்கிறது. வீட்டில் மையைத் தடவி அனுப்பிவிட்டார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் காயம் எவ்வளவு ஆழம் என்று பார்ப்பதற்கே முதலில் அந்த நீலத்தைக் கழுவி எடுக்க வேண்டியிருந்தது. சுட்டதைவிட அதுதான் அதிகம் வலித்தது என்று பிறகு சொன்னாள். பத்து நாளுக்கு மேல் பள்ளிக்கு வரவில்லை. அந்த ஆண்டிலிருந்து என் வெப்பப் பாடம் வண்டி நிற்கும் இடத்தில்தான் தொடங்குகிறது. அதை மூன்று பாடவேளைகளாகப் பிரித்து நடத்தும் முறையை இங்கே பகிர்கிறேன்.

முதல் பாடவேளை: பெட்ரோல் எங்கே போகிறது?

"வண்டிக்கு எதுக்குப் பெட்ரோல் போடுறோம்?" என்று கேட்டால் "ஓடறதுக்கு சார்" என்று ஒரே குரலில் பதில் வரும். அங்கிருந்து கணக்குக்குப் போகலாம்.

ஒரு லிட்டர் பெட்ரோல் எரியும்போது ஏறத்தாழ 3.2 கோடி ஜூல் வெப்ப ஆற்றல் வெளிப்படுகிறது. இருசக்கர வண்டியின் எஞ்சினில் இதில் கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரைதான் சக்கரத்தைச் சுற்றும் வேலையாகிறது. மீதி வெப்பமாகவே வெளியேறுகிறது. ஒரு பகுதி புகையோடு சைலன்சர் வழியாகவும், மற்றொரு பகுதி எஞ்சினின் உடல் வழியாகவும் போகிறது.

இனிக் கரும்பலகையில்:

லிட்டருக்கு 50 கி.மீ. ஓடும் வண்டியில் ஒருவர் 10 கி.மீ. வருகிறார். செலவான பெட்ரோல் 0.2 லிட்டர். அதிலுள்ள ஆற்றல் 64 லட்சம் ஜூல். மூன்றில் இரண்டு பங்கு வெப்பமாகப் போனது என்று வைத்தால் ஏறத்தாழ 42.7 லட்சம் ஜூல்.

ஒரு கிலோ தண்ணீரை 30 டிகிரி செல்சியஸிலிருந்து 100 டிகிரிக்குச் சூடாக்க எவ்வளவு தேவை? நிறை × தன் வெப்ப ஏற்புத்திறன் × வெப்பநிலை உயர்வு. அதாவது 1 × 4200 × 70 = 2,94,000 ஜூல்.

42.7 லட்சத்தை 2.94 லட்சத்தால் வகுத்தால் 14.5 கிலோ. தண்ணீர் என்பதால் 14.5 லிட்டர்.

"அப்போ ஒரு கொடம் வெந்நி சார்!" என்று ஒரு மாணவன் சொன்னான். அதையே நான் இப்போது எல்லா வகுப்பிலும் பயன்படுத்துகிறேன். பத்து கிலோமீட்டர் வருவதற்குள் வண்டி ஒரு குடம் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரும் அளவு வெப்பத்தை நம் கால்களுக்கு நடுவிலிருந்து வெளியே தள்ளிவிட்டது. அந்த வெப்பம் எப்படி வெளியேறியது என்பதுதான் அடுத்த கேள்வி. கடத்தல், சலனம், கதிர்வீச்சு என்ற மூன்று சொற்களும் அந்தக் கேள்விக்குப் பதிலாக வரும்போது மாணவர்களுக்கு அவை மனப்பாடச் சொற்களாக இருப்பதில்லை.

இரண்டாம் பாடவேளை: மூன்று வழிகள்

கடத்தல்: எஞ்சினுக்குள் எரிவாயுவின் வெப்பநிலை கணப்பொழுதில் 2000 டிகிரியைத் தாண்டுகிறது. வெளியேறும் புகை சில நூறு டிகிரி சூட்டுடன் பெண்ட் பைப்புக்குள் நுழைகிறது. குழாயின் உட்புறம் பெறும் அந்த வெப்பம் உலோகம் வழியாக வெளிப்புறத்துக்குக் கடத்தப்படுகிறது. எஞ்சினை ஒட்டிய பகுதி 200 டிகிரிக்கு மேலும், சைலன்சரின் உடல் 100 டிகிரிக்கு மேலும் போவது சாதாரணம். அந்த இரும்பில் தோல் பட்டால் வெப்பம் அதே கடத்தல் முறையில் தோலுக்குள் பாய்கிறது. உலோகம் எளிதில் கடத்தி என்பதால் தொட்ட கணத்திலேயே நிறைய வெப்பத்தைக் கொடுத்துவிடுகிறது.

"பார்த்தா சூடா இருக்கற மாதிரியே தெரியலையே சார்?" என்ற கேள்வி இங்கே கட்டாயம் வரும். வராவிட்டால் நாமே கேட்க வேண்டும். இரும்பு கண்ணுக்குத் தெரியும்படி சிவக்கத் தொடங்குவது ஏறத்தாழ 500 டிகிரிக்கு மேல்தான். 200 டிகிரியில் இருக்கும் சைலன்சரும் 30 டிகிரியில் இருக்கும் சைலன்சரும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். அடுப்பு நெருப்பை அறிந்த குழந்தையும் சைலன்சரிடம் ஏமாறுவது இதனால்தான்.

சலனம்: எஞ்சினைச் சுற்றித் தகடு தகடாக இருக்கும் ஃபின்களைக் காட்டுங்கள். "இது எதுக்கு, அழகுக்கா?" என்று கேட்டால் யோசிப்பார்கள். ஒரே ஒரு தாளை மடித்து மடித்து விசிறி போலாக்கிக் காட்டினால், சிறிய இடத்துக்குள் அதிகப் பரப்பை அடக்கும் வழி என்று அவர்களே சொல்லிவிடுவார்கள். பரப்பு அதிகமானால் அதைத் தொட்டுச் செல்லும் காற்றும் அதிகம். ஃபின்கள் அலுமினியக் கலவையில் செய்யப்படுவதற்குக் காரணம், அலுமினியம் இரும்பைவிடப் பல மடங்கு நன்றாக வெப்பத்தைக் கடத்தும்; எடையும் குறைவு.

மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் போகும்போது நொடிக்கு 11 மீட்டர் வேகத்தில் காற்று ஃபின்களின் இடையே பாய்கிறது. வண்டி நின்றுவிட்டால் அந்தக் காற்று இல்லை. எஞ்சின் மட்டும் எரிந்துகொண்டே இருக்கிறது. சூடான காற்று அடர்த்தி குறைந்து மேலே எழும்பி ஓட்டுபவரின் முழங்காலிலும் தொடையிலும் படுகிறது. ரயில்வே கேட்டில் நிற்கும்போது கால் வெந்து போவதுபோல இருப்பதற்கு இதுவே காரணம். ஸ்கூட்டர்களில் எஞ்சின் மூடியிருப்பதால் உள்ளேயே ஒரு விசிறி சுழன்று காற்றைத் தள்ளுகிறது. பெரிய வண்டிகள் சிலவற்றில் குளிர்விக்கும் திரவம் எஞ்சினைச் சுற்றி வந்து ரேடியேட்டரில் வெப்பத்தை விடுகிறது. அங்கே விசிறி ஓடத் தொடங்கினால் அந்த அனல் ஓட்டுபவரின் கால் பக்கம்தான் வரும்.

கதிர்வீச்சு: இப்போதுதான் வந்து நின்ற வண்டியின் சைலன்சருக்குப் பக்கவாட்டில் ஓர் அடி தள்ளிப் புறங்கையைக் காட்டினால் வெதுவெதுப்புத் தெரியும். சூடான காற்று மேலே போகிறது. பக்கவாட்டில் வந்து கையைத் தொடுவது பெரும்பாலும் கதிர்வீச்சு. நடுவில் ஓர் அட்டையைப் பிடித்தால் உடனே நின்றுவிடும். இதை ஆசிரியர் தம் கையால் செய்து காட்டினால் போதும்.

சைலன்சர் மேல் தனியாகப் பொருத்தியிருக்கும் துளைத் தகடு இந்த மூன்றுக்கும் சேர்த்துக் கிடைக்கும் விடை. அது சைலன்சரோடு ஒட்டியிருக்காது. நடுவே இடைவெளி விட்டுச் சில இடங்களில் மட்டும் திருகியிருப்பார்கள். இடையிலுள்ள காற்று அரிதிற் கடத்தி என்பதால் கடத்தல் குறைகிறது. தகடு கதிர்வீச்சை மறைக்கிறது. துளைகள் வழியே காற்று வந்து போய் தகட்டைக் குளிர்விக்கிறது. இந்தத் தகடு கழன்று விழுந்த பிறகு "சும்மா ஒரு தகரம்தானே" என்று விட்டுவிடும் வண்டிகள் நம் ஊரில் ஏராளம். உங்கள் வண்டியில் இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

செயல்பாடு: சத்தம் நின்றால் சூடு நின்றதா?

இது ஆசிரியர் மட்டுமே செய்து காட்ட வேண்டிய செயல்பாடு. வானவில் மன்ற நிகழ்வுகளின்போதும் செய்யலாம்.

தேவையானவை: சற்று முன் ஓட்டி வந்த வண்டி, மை நிரப்பி, தண்ணீர், மெழுகுவர்த்தித் துருவல், அலுமினியத் தாள் துண்டு, கடிகாரம், சுண்ணக்கட்டி.

1. வண்டியைத் திறந்த வெளியில், சமதரையில் சென்டர் ஸ்டாண்ட் போட்டு நிறுத்தி, எஞ்சினை அணைத்துச் சாவியை எடுத்துக்கொள்ள வேண்டும்.

2. வண்டியைச் சுற்றி ஒரு மீட்டர் தள்ளிச் சுண்ணக்கட்டியால் வட்டம் போட வேண்டும். மாணவர்கள் கோட்டுக்கு வெளியே.

3. மை நிரப்பியால் சைலன்சரின் உடல் மீது ஒரு துளி தண்ணீர் விட வேண்டும். துளி 'சுர்' என்று சீறி மறைந்தால் அந்த இடம் 100 டிகிரிக்கு மேல் என்று மாணவர்களே சொல்வார்கள்.

4. இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை அதே இடத்தில் துளி விட்டு, 'சீறியது', 'மெல்ல ஆவியானது', 'அப்படியே நின்றது' என்று அட்டவணையில் குறிக்கச் சொல்ல வேண்டும். வண்டிக்கு வண்டி, ஓடிய தூரத்துக்கு ஏற்ப, நேரம் மாறும். உங்கள் வண்டியின் கணக்கை உங்கள் மாணவர்கள்தான் எழுத வேண்டும்.

5. துளி சீறாமல் நிற்கத் தொடங்கியதும் நிறுத்தி, "இப்போ தொடலாமா?" என்று கேளுங்கள். பாதிப் பேர் தொடலாம் என்பார்கள்.

6. இப்போது அலுமினியத் தாளில் மெழுகுத் துருவலை வைத்து, அதே இடத்தில் வையுங்கள். மெழுகு உருகும். சாதாரண மெழுகுவர்த்தி ஏறத்தாழ 60 டிகிரியை ஒட்டி உருகக்கூடியது.

இந்த ஆறாவது படிதான் பாடத்தின் உயிர். தண்ணீர் சீறுவது நின்ற பிறகும் சைலன்சர் 80, 90 டிகிரியில் இருக்கலாம். 70 டிகிரி சூடு தோலில் ஒரு நொடி பட்டாலே ஆழமான தீப்புண் ஏற்படும். 60 டிகிரி என்றால் சுமார் ஐந்து நொடி. இவை பெரியவர்களின் தோலுக்கான அளவுகள். குழந்தைகளின் தோல் மெல்லியது, இன்னும் விரைவில் வேகும். சத்தமும் இல்லை, நிறமும் இல்லை, புகையும் இல்லை. ஆனாலும் அது சுடும். "வண்டி நின்னு ரொம்ப நேரமாச்சு" என்ற பேச்சை நம்பக்கூடாது என்பதை மாணவர்கள் தம் அட்டவணையிலிருந்தே கண்டுகொள்கிறார்கள்.

அட்டவணையை வைத்து இன்னொன்றும் காட்டலாம். வெப்பநிலை முதலில் வேகமாகவும் பிறகு மெதுவாகவும் இறங்கும். பொருளுக்கும் சுற்றுப்புறத்துக்கும் உள்ள வெப்பநிலை வேறுபாடு குறையக் குறைய, வெப்பம் வெளியேறும் வேகமும் குறைகிறது. கோடை மதியத்தில் ஆறுவதற்கு மார்கழிக் காலையைவிட அதிக நேரம் பிடிப்பதும் அதனால்தான்.

மூன்றாம் பாடவேளை: ஏறும் பக்கம், இறங்கும் பக்கம்

நம் நாட்டில் ஓடும் பெரும்பாலான பைக், ஸ்கூட்டர்களில் சைலன்சர் வலப்பக்கம் இருக்கிறது. சைடு ஸ்டாண்டும் புடவை மாட்டாமல் காக்கும் சாரி கார்டும் இடப்பக்கம். சாலையில் நாம் இடப்பக்கமாகப் போவதால், ஓரமாக நிறுத்தும்போது இடப்பக்கம் மண் ஓரம், வலப்பக்கம் வண்டிகள் ஓடும் சாலை. ஆகவே இடப்பக்கமாக ஏறி இடப்பக்கமாகவே இறங்கும் குழந்தை சைலன்சரிலிருந்தும் தப்புகிறது, பின்னால் வரும் பேருந்திலிருந்தும் தப்புகிறது. ஒரே பழக்கத்தில் இரண்டு பாதுகாப்பு.

வகுப்பில் இரண்டு பெஞ்சுகளை வண்டியாக வைத்து இதை நடித்துப் பார்க்கிறோம். ஒருவர் அப்பா, ஒருவர் பிள்ளை. வலப்பக்கம் சிவப்புத் துணி கட்டிய நாற்காலிதான் சைலன்சர். துணியைத் தொடாமல் ஏறி இறங்க வேண்டும். சிரிப்பும் கூச்சலுமாக இருந்தாலும், எந்தக் காலை எப்போது தூக்க வேண்டும் என்பது உடம்புக்குப் பழகிவிடும். சின்னக் குழந்தைகள் தாமாக இறங்கக் கூடாது. பெரியவர் இறங்கித் தூக்கி விட வேண்டும் என்பதையும் இந்த விளையாட்டிலேயே சொல்லிவிடலாம்.

கால் எட்டாத குழந்தைதான் அதிகம் சுட்டுக்கொள்கிறது. பின்னால் அமர்பவருக்குப் பிடிமானமும் கால்தாங்கியும் இருக்க வேண்டும் என்று மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989-இன் விதி 123 சொல்கிறது. ஆனால் கால்தாங்கி இருப்பது பெரியவர் உயரத்துக்கு. எட்டாத கால் காற்றில் தொங்கும், ஆடும், சைலன்சரில் உரசும். மூன்றாவதாக ஒரு பிள்ளையை நெருக்கி உட்கார வைத்தால் அதன் கால்களுக்கு இடமே கிடையாது. ஓட்டுபவரைத் தவிர ஒருவரைத்தான் ஏற்றலாம் என்று மோட்டார் வாகனச் சட்டம், 1988-இன் பிரிவு 128 விதித்திருப்பதற்குப் பின்னால் இந்தக் காலின் கதையும் இருக்கிறது என்று சொல்லுங்கள். மாணவர்கள் அதை வீட்டில் போய்ச் சொல்வார்கள்.

எங்கள் பள்ளியில் ஆசிரியர்களின் வண்டிகளை வலப்பக்கம் சுவரைப் பார்க்கும்படி நிறுத்துகிறோம். சைலன்சர்கள் எல்லாம் சுவர்ப் பக்கம், பிள்ளைகள் நடக்கும் வழி இடப்பக்கம். இதற்கு ஒரு ரூபாய் செலவில்லை. எட்டாம் வகுப்பு மாணவர்கள் தரையில் சுண்ணாம்பால் அம்புக்குறி போட்டுக் கொடுத்தார்கள்.

சுட்டுவிட்டால்

இதுவும் வெப்பப் பாடம்தான். தோலும் அதன் கீழுள்ள கொழுப்பும் அரிதிற் கடத்திகள். உள்ளே புகுந்த வெப்பம் எளிதில் வெளியேறாது. வண்டியை விட்டு விலகிய பிறகும் அது உள்ளே ஆழத்தை வேகவைத்துக்கொண்டிருக்கும். அதை வெளியே எடுக்க ஓடும் தண்ணீரைவிடச் சிறந்தது நம் கைவசம் எதுவுமில்லை.

1. உடனே சாதாரணக் குளிர்ந்த தண்ணீரை 20 நிமிடம் தொடர்ந்து விட வேண்டும். உடனே முடியாமல் போனாலும், சுட்ட 3 மணி நேரத்துக்குள் செய்தால் பயன் உண்டு.

2. கொலுசு, கயிறு, காலுறை போன்றவற்றை வீக்கம் வருவதற்கு முன்பே கழற்ற வேண்டும். தோலோடு ஒட்டிப்போன துணியை மட்டும் இழுக்கக் கூடாது.

3. பனிக்கட்டி வேண்டாம். அது காயத்துக்குப் போகும் இரத்த ஓட்டத்தைக் குறைத்துத் திசுவை மேலும் கெடுக்கும்.

4. மை, பற்பசை, காபித்தூள், மாவு, வெண்ணெய், மஞ்சள் எதுவும் வேண்டாம். அவை வெப்பத்தை உள்ளேயே அடைக்கும், கிருமியைச் சேர்க்கும், மருத்துவர் காயத்தைப் பார்க்க விடாது.

5. கொப்புளத்தை உடைக்கக் கூடாது. தூய்மையான, நூல் உதிராத துணியால் தளர்வாக மூடி, ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துப் போக வேண்டும். தடுப்பூசி தேவையா என்பதை மருத்துவர் சொல்வார். குழந்தைக்குச் சுட்டிருந்தாலோ, கொப்புளம் வந்தாலோ, சுட்ட இடம் வெளுத்து வலியே இல்லாமல் இருந்தாலோ தாமதிக்கக் கூடாது. வலி இல்லாதது நல்ல அறிகுறி அன்று. நரம்பு நுனிகள் வரை வெந்துவிட்டதாக இருக்கலாம்.

20 நிமிடம் என்றால் எவ்வளவு நீளம் என்பது மாணவர்களுக்குத் தெரியாது. நமக்கும் தெரியாது. பாடவேளையில் ஏறத்தாழ பாதி. குழாய் இல்லாத இடத்தில் என்ன செய்வது என்று கேட்டு ஒரு கணக்குப் போடச் சொல்கிறேன். 200 மில்லி டம்ளரால் 10 நொடிக்கு ஒரு டம்ளர் ஊற்றினால், 20 நிமிடத்துக்கு 120 டம்ளர், அதாவது 24 லிட்டர். ஒன்றரைக் குடத்துக்குச் சற்று மேல். கீழே ஒரு வாளி வைத்தால் தண்ணீர் செடிக்குப் போகும். "ரெண்டு கொடம் இருந்தா போதும், யாரை வேணும்னாலும் காப்பாத்தலாம்" என்று ஒரு மாணவி சுருக்கிச் சொன்னாள். அதுவே எங்கள் வகுப்புச் சுவரில் எழுதப்பட்டிருக்கிறது.

ஓட்டும் நமக்கு

பாடம் நடத்தும் நாமும் வெயிலில் நாள்தோறும் வண்டி ஓட்டுபவர்கள். மாணவர்களிடம் பேசும்போது எழுந்த கேள்விகளிலிருந்து சில குறிப்புகள்:

நீண்ட நேரம் நிற்க வேண்டிய சிக்னலிலும் ரயில்வே கேட்டிலும் எஞ்சினை அணைத்துவிடுங்கள். பெட்ரோலும் மிச்சம், காலும் தப்பும்.

வயல் வழியாக வருபவர்கள் ஃபின்களுக்கு இடையே அப்பியிருக்கும் சேற்றைக் கழுவிவிடுங்கள். காய்ந்த சேறு அரிதிற் கடத்தி. எஞ்சினுக்குக் கம்பளி போர்த்தியது போலாகிவிடும். ஆனால் சூடான எஞ்சின் மேல் தண்ணீரைப் பாய்ச்சாதீர்கள். திடீரென்று ஒரு பக்கம் மட்டும் சுருங்கினால் உலோகம் கோணவோ விரிசல் விடவோ கூடும். ஆறிய பிறகு கழுவலாம்.

எஞ்சின் ஆயில் உராய்வைக் குறைப்பதோடு வெப்பத்தையும் சுமந்து வெளியே கொண்டுவருகிறது. அளவு குறைந்தால் எஞ்சின் அளவுக்கு மீறிச் சூடாகும். கிளட்சைப் பாதி பிடித்தபடியே ஓட்டுவதும், பிரேக் இறுகி உரசிக்கொண்டே இருப்பதும் வெப்பத்தைக் கூட்டும்.

கணுக்காலை மூடும் செருப்போ ஷூவோ, கனமான பருத்திக் கால்சட்டையோ அணிவது நல்லது. பாலியஸ்டர், நைலான் துணிகளும் பிளாஸ்டிக் மழைக்கோட்டும் சூட்டில் உருகி ஒட்டிக்கொள்ளும். துப்பட்டா, முந்தானை, வேட்டி நுனியை இழுத்துச் செருகிக்கொள்ள வேண்டும்.

வைக்கோல், கரும்புச் சோகை, காய்ந்த சருகு மேல் வண்டியை நிறுத்தாதீர்கள். 2020 ஏப்ரல் 1 முதல் விற்கப்படும் பி.எஸ். 6 வண்டிகளில் புகையைத் தூய்மையாக்கும் வினையூக்கி மாற்றி இருக்கிறது. சில நூறு டிகிரி சூட்டில்தான் அது வேலை செய்யும். அந்தச் சூடு சருகைப் பற்றவைக்கப் போதுமானது. வண்டி ஆறுவதற்கு முன் உறை போட்டு மூடவும் கூடாது.

காலையில் வீட்டு நடையிலோ கூடத்திலோ வைத்து வண்டியைக் கிளப்பி ஓடவிடாதீர்கள். புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் அதிக ஈர்ப்புடன் ஹீமோகுளோபினைப் பற்றிக்கொள்ளும். வெளியே தள்ளி வந்து கிளப்புவதே நல்லது.

மதிப்பீடு

மனப்பாடத்தால் எழுத முடியாத கேள்விகளாக இவற்றைக் கொடுக்கிறேன்:

1. ஒரு பாலித்தீன் பை சைலன்சரில் ஒட்டி உருகிவிட்டது. பாலித்தீன் ஏறத்தாழ 110 டிகிரியில் உருகும் என்றால், சைலன்சரின் வெப்பநிலை பற்றி என்ன சொல்லலாம்? என்ன சொல்ல முடியாது?

2. சைலன்சரின் வெப்பத்தடுப்புத் தகட்டை இடைவெளி இல்லாமல் ஒட்டிப் பொருத்தினால் என்ன ஆகும்?

3. வெயிலில் நிற்கும் வண்டியின் கைப்பிடி ரப்பரும் பிரேக் நெம்புகோலும் ஒரே வெப்பநிலையில் இருக்கின்றன. நெம்புகோல் மட்டும் அதிகம் சுடுவது ஏன்?

4. உங்கள் தெருவில் வண்டிகள் நிற்கும் ஓர் இடத்தை வரைந்து, குழந்தைகளுக்குச் சுடாதபடி மாற்றி வரையுங்கள்.

5. சுட்ட காலில் பற்பசை போட வரும் பாட்டியிடம் என்ன சொல்வீர்கள்? அவர் மனம் நோகாமல் எழுதுங்கள்.

ஐந்தாவது கேள்விக்கு வரும் விடைகள்தாம் எனக்கு மிகவும் பிடித்தவை. "ஆயா, நீங்க போட்டா நல்லதுதான், ஆனா உள்ள இருக்கற சூட்டை முதல்ல வெளியில எடுத்துடுவோம், அப்புறம் டாக்டர் சொல்றதைப் போடலாம்" என்று ஒருவன் எழுதியிருந்தான். வெப்பம் வெப்பநிலை மிகுந்த இடத்திலிருந்து குறைந்த இடத்துக்குப் பாயும் என்ற வரையறை அதில் முழுமையாக இருக்கிறது. அவனுக்கு முழு மதிப்பெண் கொடுத்தேன்.

பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் ஐந்து நிமிடம் கேட்டு வாங்கி, இடப்பக்க இறக்கம், 20 நிமிடத் தண்ணீர் என்ற இரண்டை மட்டும் மாணவர்களைக் கொண்டே சொல்ல வைக்கலாம். ஆசிரியர் சொல்வதைவிடத் தம் பிள்ளை சொல்வதைப் பெற்றோர் கூர்ந்து கேட்கிறார்கள். வாசலில் இறக்கிவிட வரும்போது "இந்தப் பக்கம் இறங்குடா" என்று ஓர் அப்பா சொல்லக் கேட்டால், அந்த ஆண்டு வெப்பப் பாடம் நடத்தி முடித்ததாக நான் கணக்கில் வைத்துக்கொள்கிறேன்.

உங்கள் பள்ளியில் இந்தப் பாடம் வரும் நாளில் வண்டியைச் சற்று வகுப்புக்கு அருகில், வெயிலும் சருகும் இல்லாத இடத்தில் நிறுத்துங்கள். மை நிரப்பியும் மெழுகும் எடுத்து வையுங்கள். சாவி மட்டும் உங்கள் சட்டைப் பையில் இருக்கட்டும்.